சேதாரத்துக்குள் மறைந்திருக்கும் கூலி: நகை வணிகப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தங்க நகைக் கடை நடத்தும் பெருமக்களுக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு நகை வடிவமைப்பாளர். கணினித் திரைக்கு முன்னால் கழித்த நாட்களைவிட, பத்தர் (பொற்கொல்லர்) ஒருவரின் பட்டறையில் அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து வரைந்த நாட்களே எனக்கு அதிகம். நம் மரபிலிருந்து பிறந்து, இன்றைய பெண் அலுவலகத்துக்கும் அணிந்து போகத்தக்கதாக ஒரு நகை இருக்க வேண்டும் என்று உங்கள் விளம்பரங்கள் சொல்கின்றன. நாங்களும் அதையே விரும்புகிறோம். ஆனால் அப்படிப்பட்ட நகை உங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு வந்துசேர முடியாதபடி பொன்னின் எடைமீது சதவீதமாகச் சேதாரம் போடும் உங்கள் விலைச்சீட்டே குறுக்கே நிற்கிறது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு ஒரு தோட்டினால் வந்தது. பாம்படத்தை உங்களில் பலர் உங்கள் பாட்டிமாரின் காதில் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களில் வளர்த்த காதில் தோளைத் தொடும்படி தொங்கிய நகை அது. பெயரில் பாம்பின் படம் இருந்தாலும் நகையில் கண்ணோ, நாக்கோ, செதிலோ கிடையாது. கனசதுரம், உருண்டை, கூம்பு, பட்டைத் தகடு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பார்ப்பவர் தாமாகவே பாம்பைக் கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் அதைச் செய்தவர். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் இன்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கின்றன. நாமோ பெரும்பாலானவற்றை உருக்கி வளையலாக்கிவிட்டோம். அவ்வளவு பெரிதாகத் தெரியும் அந்த நகை முழுவதும் திடப்பொன் அல்ல என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. அரக்கின்மேல் மெல்லிய பொன் தகட்டைப் போர்த்திச் செய்ததால்தான் ஒரு காது அதைச் சுமக்க முடிந்தது.

அந்த வடிவத்தைச் சாதாரணமாகக் குத்திய காதுக்குப் பொருந்துமாறு சிறிதாக்கி, திருகாணி வைத்து, நானும் என் பத்தரும் ஒரு ஜோடி செய்தோம். அரக்கு நிரப்பவில்லை. அரக்கு நிரப்பிய நகையைப் பின்னாளில் உருக்கும்போது எடை குறைந்து, அதனால் வரும் மனத்தாங்கல் உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். தகட்டை மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பொடி வைத்துப் பற்றவைத்து, உள்ளே வெற்றிடமாகவே விட்டோம். பற்றவைக்கும் சூடு ஒரு கணம் கூடினாலும் தகடு சுருண்டுவிடும் என்பதால் முதல் இரண்டு முயற்சிகள் பொன் உருக்கும் மூசைக்கே திரும்பிப் போயின. மூன்றாவது தேறியது. ஜோடி 5 கிராம். 6 நாள் வேலை.

பெரிய கடை ஒன்றில், கொள்முதல் பார்ப்பவர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவர் கேட்டது: “5 கிராமுக்கு நான் என்ன சேதாரம் போடுவது?” அவருடைய மேசையிலேயே அச்சில் வார்த்த ஜிமிக்கி ஒரு ஜோடி இருந்தது, 2 பவுன், அதாவது 16 கிராம். இரண்டுக்கும் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஜிமிக்கிக்கு 1 கிராம் 920 மில்லி பொன்னின் விலை கிடைக்கும்; 6 நாள் உழைத்த எங்கள் தோட்டுக்கு 600 மில்லியின் விலை. ஜிமிக்கிக்குக் கிடைப்பதை எங்களுக்கும் கொடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய 40 சதவீதம் என்று சீட்டில் எழுத வேண்டும். அதைப் படித்த வாடிக்கையாளர் படியிறங்கிவிடுவார். இறுதியில் கொள்முதல் பார்ப்பவர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு வழி சொன்னார்: தகட்டைத் தடிமனாக்கி 12 கிராமாகக் கொண்டுவரும்படி. அந்தத் தோட்டின் அறிவு முழுவதும் அதன் மெல்லிய தகட்டில்தான் இருக்கிறது என்பதை அவரிடம் விளக்க எனக்கு அன்று வாய் வரவில்லை. இன்று உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நகாசு வேலைக்கும் கல் பதித்த நகைக்கும் கூடுதல் சதவீதம் போடுகிறோமே என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சதவீதமும் எடையின்மீதே கணக்கிடப்படுகிறது. வேலை கூடக்கூட எடை குறைவதுதான் நல்ல வடிவமைப்பின் போக்கு. உங்கள் கணக்கில் எடை குறையக்குறைய வேலைக்கான பணமும் குறைகிறது. இந்த முறையில் மரபை நவீனமாக்கும் வடிவமைப்பாளர் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறார். பவுன் விலை ஏறும் நாளில் அதே தோட்டின் சேதாரத் தொகையும் சேர்ந்து ஏறுகிறது என்பது இதைவிட விந்தை. அன்றைக்குப் பத்தரின் ஊதுகுழல் கூடுதலாக ஊதவில்லை. ஏறிய தொகையில் அவருக்குப் பங்கு போவதையும் நான் கண்டதில்லை.

சேதாரம் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் நேரான பொருள் இருந்தது. அராவும்போது உதிர்வது, உருக்கும்போது கழிவது, மெருகிடும்போது தேய்வது ஆகியவற்றை ஈடுகட்டக் கொடுத்த பொன் அது. ‘தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்’ என்று பழமொழி சொல்லிச் சொல்லியே ஒரு தொழிலாளர் கூட்டத்தைச் சந்தேகத்திலேயே வைத்திருந்த சமூகம் நம்முடையது. பட்டறையில் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்து வைத்து, அரித்துப் பொன் எடுக்கும் தொழில் இது. உண்மையான இழப்பு எவ்வளவு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த இழப்பு, பத்தரின் கூலி, வடிவமைப்பாளரின் ஊதியம், கடை வாடகை, விளம்பரச் செலவு, இலாபம் எல்லாம் இன்று அந்த ஒரே சொல்லுக்குள் அடைந்து கிடக்கின்றன. தன் வேலைக்காக வாங்கும் கூலி ‘சேதம்’ என்ற பெயரில் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கைவினைஞர் வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா?

கணக்கைப் பிரித்து எழுதுவது நமக்குப் புதிதும் அல்ல. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் கல்வெட்டுகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்றொரு எடைக்கல், நகையை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்று வேறொரு எடைக்கல். கோத்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என்று வகை சொல்லி, குளிர்ந்த நீர் உடையவை, சிவந்த நீர் உடையவை என்று அவற்றின் ஒளியையும் குறித்து, அரக்கு உட்பட நிறை இவ்வளவு, விலை இத்தனை காசு என்று பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் உளியால் அடித்தவர்களுக்கு இருந்த பொறுமை, ஒரு பொத்தானில் சீட்டு அச்சிடும் நமக்கு இல்லை என்று நான் நம்பவில்லை.

இப்போது டெம்பிள் ஜுவல்லரி என்றும் ஆன்ட்டிக் என்றும் நீங்கள் விற்கும் வரிசைகளைப் பற்றியும் ஒரு சொல். நகாசு என்பது அரக்கில் பதித்த தகட்டைப் பின்புறத்திலிருந்து தட்டி எழுப்பி, பிறகு முன்புறத்தில் சிற்றுளியால் செதுக்கும் வேலை. அதனால்தான் அந்த இலட்சுமியின் உருவம் பார்வைக்குப் புடைத்தும் கைக்கு இலேசாகவும் இருக்கும். அதே உருவத்தை மெழுகில் எடுத்து வார்க்கும்போது வடிவம் மட்டும் வருகிறது, கனம் கூடிவிடுகிறது, கோடுகள் மழுங்கிவிடுகின்றன. அந்த மழுங்கலை மறைக்கக் கருப்பேற்றி மெருகிடுகிறார்கள். நேற்று வார்த்ததற்கு நூறு வயது ஆகிவிடுகிறது. வார்ப்பை நான் குறை சொல்லவில்லை. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் வார்ப்பிலேயே மிக நேர்த்தியான வேலைகளைப் பார்த்திருக்கிறேன். தகட்டுக்கென்று பிறந்த வடிவத்தை வார்ப்பில் திணித்துவிட்டு அதற்கு மரபு என்று பெயர் வைப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

வேலைக்கு விலை வைத்து விற்க முடியாது என்பவர்கள் நாகர்கோவில் வடசேரிக்குப் போய்வரலாம். வெள்ளி உடலின்மேல் பொன் தகடு போர்த்தி, சிவப்புக் கெம்பும் பச்சைக் கல்லும் பதித்து, பரதநாட்டியம் ஆடுவோருக்குத் தலைசாமானும் ராக்கொடியும் வங்கியும் ஒட்டியாணமும் செய்யும் ஊர் அது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அங்கே வாங்குபவர் பொன்னின் எடையைப் பார்த்து வாங்குவதில்லை; கல் பதித்த நேர்த்தியைப் பார்த்துத்தான் வாங்குகிறார். உலகப் பெரும் கடைகளையே அளவுகோலாகக் கொள்வோருக்கு இன்னொன்று: 1911-இல் டெல்லி தர்பாரை ஒட்டி இந்தியா வந்த பிரெஞ்சு நகை வணிகர் ஜாக் கார்ட்டியேயின் நிறுவனம், இங்கே இலையாகவும் பூவாகவும் செதுக்கிய மாணிக்கங்களையும் மரகதங்களையும் பிளாட்டினத்தில் பதித்துப் புதியதொரு பாணியையே உண்டாக்கியது. கல்லின் செதுக்கல் நம்முடையது, அதைத் தாங்கும் மெல்லிய உலோகம் அவர்களுடையது. விலை உலோகத்தின் எடைக்கு வைக்கப்பட்டிருந்தால் அந்தப் பாணி தோன்றியிருக்க வழியில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது மிகப் பெரிதல்ல. உங்கள் கடையில் ஒரேயொரு வரிசைக்கு மட்டுமாவது, 10 கிராமுக்குக் குறைந்த கைவேலை நகைகளுக்கு, சேதாரச் சதவீதத்தை விட்டுவிட்டு, பொன் எடை, உண்மையான கழிவு, செய்கூலி, வடிவமைப்பு என்று ரூபாயில் தனித்தனியே எழுதுங்கள். ஹால்மார்க் நகைச் சீட்டில் நிகர எடையும் மாற்றும் (பொன்னின் தூய்மையும்) ஹால்மார்க் கட்டணமும் இருக்க வேண்டும் என்ற விதியை ஏற்கெனவே பின்பற்றுகிறீர்கள்; அதில் இன்னும் இரண்டு வரி கூடும், அவ்வளவே. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு ஹால்மார்க் நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி கட்டாயம். அதை அரசின் பி.ஐ.எஸ். கேர் கைபேசிச் செயலியில் இட்டுப் பார்த்தால் பதிவு பெற்ற வணிகர் யார், சோதித்த மையம் எது, மாற்று என்ன என்பதெல்லாம் தெரிகிறது. செய்த கை யாருடையது என்பது மட்டும் எங்கும் இல்லை. அரசு கேட்கும்வரை காத்திராமல், உங்கள் சீட்டில் பத்தரின் பெயருக்கு ஓர் இடம் விடும்படி சங்கங்கள் தம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ளலாம். பெயர் தெரிந்தால் போட்டிக் கடை அவரை இழுத்துக்கொள்ளும் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. நல்ல கூலி கொடுக்கும் கடையை விட்டு அவர் ஏன் போக வேண்டும் என்பதே என் கேள்வி.

அந்த ஜோடித் தோடு இன்னும் என்னிடமே இருக்கிறது. அதனோடு ஒரு சிறு சீட்டும் வைத்திருக்கிறேன்: பொன் 5 கிராம், கழிவு இவ்வளவு, 6 நாள் கூலி இவ்வளவு, வடிவமைப்பு இவ்வளவு, அடியில் பத்தரின் கையெழுத்து. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால், தோட்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரும் நானும் வருகிறோம்.

இங்ஙனம்,
பத்தரின் பட்டறையில் வரையும் ஒரு நகை வடிவமைப்பாளர்