ஒகேனக்கல் ஏற்றத்துக்கு ஒரு யோசனை

தருமபுரி

அன்பு மாதேஷ்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "அது கெட்டிக்காரப் பிள்ளை, எனக்கு அப்பவே தெரியும்" என்றார். இங்கே ராகி அறுப்பு முடிந்தது. விளைச்சல் பரவாயில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒகேனக்கல்லில் இருந்து சைக்கிளில் திரும்பும்போது பென்னாகரம் ஏற்றத்தில் உன் தொடை விட்டுப்போனதே, அதற்காக ஞாயிற்றுக்கிழமை ரைடை இன்னும் 40 கிலோமீட்டர் நீட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. அந்தப் பாதையின் சங்கதியே வேறு. போகும்போது காட்டுக்குள் சுகமான இறக்கம், கால் களைத்துத் திரும்பும்போதுதான் ஏற்றம். அன்றைக்கு உன் பக்கத்திலேயே வந்தவன் நான். பேசிக்கொண்டேதான் ஏறினாய், மூச்சு வாங்கவே இல்லை. பெடல்தான் இறங்க மறுத்தது. மூச்சு போதும் உனக்கு, தொடையில்தான் பலம் போதவில்லை. அதற்கு ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழுகிற பயிற்சி, போட வேண்டும், அதுவும் தோளில் எடை வைத்து.

நிமிஷத்துக்கு 80 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 முறை மிதிக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் உன் முழு பலத்தில் ஒரு பங்கு செலவு. பலம் கூடினால் அதே மேடு, அதே கியர், ஆனால் செலவாகும் பங்கு குறையும். சீக்கிரம் களைக்காத தசை இழைகளே நெடுநேரம் சமாளிக்கும். சட்டென்று சோர்ந்துபோகிற வேக இழைகளை நம்ப வேண்டிய நேரம் தள்ளிப்போகும்.

நார்வேயில் ரொன்னெஸ்டாட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு உனக்கென்றே செய்தது போல இருக்கிறது. நல்ல பயிற்சி உள்ள சைக்கிள் வீரர்களில் ஒரு குழு, வழக்கமான ரைடோடு 12 வாரம் கனமான எடையும் தூக்கியது. அப்புறம் எல்லோரையும் 185 நிமிஷம் மிதிக்கவிட்டு, அந்தக் களைப்போடு 5 நிமிஷம் முழு பலத்தில் ஓட்டச் சொன்னார்கள். எடை தூக்கியவர்களுக்கு அந்த 5 நிமிஷத்தில் பவர் முன்பைவிட ஏறியிருந்தது. ரைடு மட்டும் போனவர்களுக்கு ஏறவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய கால் கடைசியில் என்ன கொடுக்கும் என்பதுதானே நம் கேள்வியும்!

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் போடச் சொன்ன பஸ்கி மாதிரி ஐம்பது, நூறு என்று எண்ணிக்கொண்டு போகாதே. அந்த வேலையைப் பெடலே பார்த்துக்கொள்கிறது. எடை அதிகம், எண்ணிக்கை குறைவு, இதுதான் கணக்கு. முதல் இரண்டு வாரம் எடைத் தட்டு மாட்டாத வெறும் 20 கிலோ இரும்புக் கம்பியை (ஜிம்மில் பார் என்பார்கள்) மட்டும் தோளில் வைத்து முறையைப் பழகு. பிறகு 10 தடவைக்கு மேல் எழ முடியாத எடை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 6 தடவைக்கு, அப்புறம் 4 தடவைக்கு மட்டும் தாங்குகிற எடை. இப்படி மூன்று சுற்று (செட்), நடுவில் 2, 3 நிமிஷம் ஓய்வு. வாரம் இரண்டு நாள் போதும்.

சீசனில் உங்க ஊர் மாங்காய் மண்டியில் கிரேட் தூக்குகிறவர்களைக் கவனித்திருப்பாய். பழகின ஆள் இடுப்பைப் பின்னால் தள்ளித்தான் இறங்குவார், முதுகு வளையாது, குதிகால் தரையை விட்டு எழாது. நீயும் அப்படியே இறங்கு. மெதுவாக இறங்கி, எழும்போது முடிந்த வேகத்தில் எழு. எடை கனமாக இருந்தால் பார் மெதுவாகத்தான் மேலே வரும், இருந்தாலும் வேகமாகத் தள்ள முயற்சி செய். முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்று ஜிம்மில் யாராவது பயமுறுத்துவார்கள். உன்னைப் போல நெட்டையான ஆளுக்குத் தாண்டத்தான் செய்யும், அதில் தப்பில்லை. முட்டி உள்பக்கமாகச் சாயாமல் பார்த்துக்கொள். வலி வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு பிசியோவிடம் காட்டு.

உடம்பு கனத்துவிடும் என்று பயப்படாதே. நீ ஓட்டுகிற தூரத்துக்கு அப்படியெல்லாம் சதை ஏறாது. மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், அதனால் சனிக்கிழமை வேண்டாம், செவ்வாயும் வியாழனும் வைத்துக்கொள். பலம் வந்த பிறகு அதைக் காப்பாற்ற வாரம் ஒரு நாள் தூக்கினாலே போதும்.

இன்னொன்று, இதை நான் ரொம்ப அக்கறையாகச் சொல்கிறேன். சைக்கிள் ஓட்டுவதால் எலும்புக்குப் பெரிதாகப் பாரம் விழுவதில்லை. வருஷக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் வயசுக்கு அது நல்லதில்லை. ராகிக் களியில் கால்சியம் நிறையவே இருக்கிறது, ஆனாலும் எலும்பு பாரம் சுமந்தால்தான் உறுதிப்படும். தொடைக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது நீ ஜிம்மில் சேர வேண்டும்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு, அம்மா உன்னை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். ஜிம்மில் சேர்ந்ததும் எத்தனை கிலோவில் தொடங்கினாய் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கோவிந்தராஜ்