ஞாயிறு காலை நடை: காலாங் ஆற்றோரம்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6.45 மணிக்கு பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கூடி, பீஷான்-அங் மோ கியோ பூங்கா வழியாக காலாங் ஆற்றை ஒட்டிய தளமிட்ட பாதையில் காலாங் வரை நடக்கவிருக்கிறோம்.

லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, சிங்கப்பூரின் மிக நீளமான ஆறாகும். பூங்காவுக்குள் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்ததை உடைத்து, புல்லும் கற்களும் கொண்டு கரை அமைத்து, 2012-இல் வளைந்து நெளியும் ஆறாகத் திறந்தார்கள். பூங்காவைத் தாண்டியதும் மீண்டும் கான்கிரீட் கரைகளும் அடுக்குமாடி வீடுகளும் தொடங்கிவிடும். அந்த மாற்றத்தைக் காணவே இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

மழை பெய்தால் இங்கு நீர்மட்டம் விரைவாக உயரும் என்பதால், எச்சரிக்கை ஒலி கேட்டவுடன், படம் எடுத்துக்கொண்டிருந்தாலும், தாழ்வான கரையை விட்டு மேலேறிவிட வேண்டும். மிதிவண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை செல்ல அனுமதியுள்ள பாதை இது. ஆகவே இடப்பக்கமாக, இருவர் இருவராக நடப்போம். (சென்ற முறை நால்வர் கைகோத்து நடந்தது நினைவிருக்கும்.) நீர்நாய்கள் தென்பட்டால் விலகி நின்று பாருங்கள், காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம்.

குடிநீர், தொப்பி, குடை கொண்டுவரவும். வருவோர் வெள்ளி இரவுக்குள் இக்குழுவில் பெயர் பதியவும்.