உஷா சுந்தரம் நினைவு அரங்கு: இன்னும் ரூ.1,67,500 தேவை

அன்புடையீர், வணக்கம்.

நம் குடியிருப்பு நூலகத்தின் மாடியில் அமையும் விமானி உஷா சுந்தரம் நினைவு அரங்கைத் தைப்பூசத்தன்று திறப்பதாக நாள் குறித்திருக்கிறோம். இறையருளால் சுவரும் கூரையும் எழும்பிவிட்டன. கையிருப்பு தீர்ந்ததால் மூன்று வாரமாக வேலை நின்றுகிடக்கிறது.

1924இல் பிறந்த உஷா, பெங்களூரு ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து 1949இல் தேர்ச்சி பெற்று வெளிவந்த முதல் விமானி. மைசூர் மகாராஜாவின் டகோட்டா விமானத்தில் கணவர் கேப்டன் வி. சுந்தரத்துக்குத் துணை விமானியாக அமர்ந்து, சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்க ஓய்வின்றி அலைந்த சர்தார் படேலை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர். 1951இல் சென்னை அரசு வாங்கிய இரட்டை எஞ்சின் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கணவரும் இவருமாக ஓட்டிவந்தபோது, பெண்ணுக்குச் சைக்கிள் வாங்கித் தரவே வீடுகள் தயங்கிய காலம் அது. 1959இல் சென்னையில் விலங்குகள் நல அமைப்பான புளூ கிராஸைத் தொடங்கியவர்களும் இத்தம்பதியர்தாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 2010இல் அவர் மறைந்தார். இப்பகுதியில் அவர் பெயரில் ஒரு பலகைகூட இல்லை.

டவ் விமானத்தின் ஆறடி மர மாதிரி தச்சுப் பட்டறையில் இடது இறக்கை மட்டும் பொருத்திய நிலையில், மரத்தூள் படிந்து கிடக்கிறது. அதற்கு ரூ.62,000, கண்ணாடிப் பேழைக்கு ரூ.38,500, மின்விளக்குகளுக்கு ரூ.40,000, படங்களுக்கும் விளக்கப் பலகைகளுக்கும் ரூ.27,000 பாக்கி. மார்கழி 20க்குள் பாக்கியைத் தராவிட்டால் வேறு வேலையை எடுத்துக்கொள்வதாகத் தச்சர் சொல்லிவிட்டார்.

மொத்தச் செலவு ரூ.4,80,000, இதுவரை சேர்ந்தது ரூ.3,12,500. முதல் ரசீதை வாங்கிய இட்லிக் கடை அம்மாவுக்கும், ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்த கணித ஆசிரியைக்கும், சம்பளத்தில் இரண்டு நாள் கூலியை விட்டுக்கொடுத்த கொத்தனார்களுக்கும், உண்டியலை உடைத்துச் சில்லறையாக ரூ.1,340 கொண்டுவந்த ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

சித்திரைக் கூட்டத்தில் கைதூக்கித் தொகை சொன்ன வீடுகளில் பதினான்கு இன்னும் தரவில்லை. அன்னதானத்துக்கு மூன்றே நாளில் இரண்டு லட்சம் திரட்டிய தெரு இது. அச்சிறுமிகள் முன் நாம் தலைகுனிந்து நிற்கலாகாது. பொருளாளர் தினமும் மாலை 6 முதல் 8 மணி வரை நூலகத்தில் இருப்பார். ரசீது அங்கேயே தரப்படும்.

இப்படிக்கு,
நினைவு அரங்குக் கட்டடக் குழுவினர்