மணத்திலேயே தெரிந்துவிடும் என்று எழுதலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குளிர்கால வீட்டுக் குறிப்புகள் பக்கத்தை முதலில் வாசித்தது நான் இல்லை, என் மாமி. வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "பார் பிள்ளை, பேப்பரிலேயே போட்டிருக்கு. பிறகேன் அந்த மனுசனுக்கு வருசா வருசம் காசு குடுக்கிறாய்?" என்று கேட்டா. வீட்டையும் தண்ணீரையும் காஸால் சூடாக்குகிற பொயிலர் ஒழுங்காகச் சுடுதண்ணீர் தந்தால் ஒவ்வொரு வருடமும் சேர்விஸ் தேவையில்லை, ஏதும் பிழை என்றால் காஸ் மணத்திலேயே தெரிந்துவிடும் என்று உங்கள் பத்திரிகை சொல்கிறது. பதினெட்டு வருடமாகச் சந்தா கட்டி வாசிக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன், அதை அச்சுக்கு அனுப்ப முன்னம் உங்கள் கந்தோரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா?

மணப்பது எரியாமல் கசிகிற காஸ். இயற்கையில் அதற்கும் மணமில்லை, கசிந்தால் எங்களுக்குத் தெரியவேண்டும் என்றே மணம் சேர்த்து அனுப்புகிறார்கள். பொயிலருக்குள் காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும்போது உண்டாகிற காபன் மொனொக்சைட் வேறு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2006 ஒக்ரோபரில் இங்கிருந்து கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்கு விடுமுறைக்குப் போன இரண்டு சின்னப் பிள்ளைகள் ஹோட்டல் பொயிலரில் இருந்து வந்த இந்த வாயுவால் இறந்த செய்தியை இந்த நாட்டில் பத்திரிகை நடத்துகிற யாரும் மறந்திருக்க ஏலாது.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். 2010 டிசம்பர். பனி கொட்டி ஹீத்ரோவில் விமானம் ஏறமுடியாமல் சனம் நிலத்தில் படுத்துக் கிடந்த மாதம். நாங்கள் லண்டன் இல்ஃபோர்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கும் மகளுக்கும் ஒவ்வொரு நாளும் தலையிடி, தலைச்சுற்று. மகள் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். எல்லாருக்கும் வருகிற வைரஸ் காய்ச்சல்தான், ஓய்வெடுங்கள் என்று டொக்டர் சொன்னார். நாங்களும் யன்னலை எல்லாம் இறுக்கிப் பூட்டி, ஹீட்டரைக் கூட்டிவிட்டு வீட்டுக்குள்ளேயே படுத்து ஓய்வெடுத்தோம். பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலைக்குப் போய்வந்த என் கணவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. மகளும் பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடி விளையாடுவாள், வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலத்தில் சுருண்டு படுப்பாள். வெளியே போனால் சுகம், வீட்டுக்குள் வந்தால் வருத்தம் என்பதுதான் இதன் முதல் அடையாளம் என்று அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

மீற்றர் மாற்ற வந்த வெள்ளைக்காரர்தான் கண்டுபிடித்தார். குசினிச் சுவரில் இருந்த பழைய பொயிலரின் மேல்பக்கம் கறுத்துப்போயிருந்ததைக் கண்டு, கடைசியாக இதை யார் பார்த்தது என்று கேட்டார். சின்னக் கண்ணாடியால் குனிந்து பார்த்தார். நீலமாக எரியவேண்டிய நெருப்பு மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. கருவியை வைத்து அளந்தவர் எங்களோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல் முதலில் காஸை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, எங்களை வெளியே அனுப்பினார். பிறகுதான் பொயிலரில் பாவிக்கக்கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கட்டினார். ஆஸ்பத்திரியில் எனக்கும் மகளுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்து, முகமூடி வைத்து ஒட்சிசன் தந்தார்கள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

புகைபோக்கிக்குள் குருவிக்கூடு அடைத்திருந்தது. இன்னொரு காரணமும் இருந்தது. குசினிச் சுவரில் கீழே இருந்த காற்றுத் துவாரத்தால் குளிர் அடிக்கிறது என்று அதைப் பழைய துணி வைத்து அடைத்தது நான். பொயிலர் மூச்சுவிடுகிற வழி அது என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமாக இருந்த வரி இதுதான். ஆனால் இன்றைக்கும் எத்தனை வீட்டில் அப்படி அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் எங்கள் ஆள், கோயிலில் கண்டு பழகியவர். வாடகைக்கு விடுகிறவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருக்கா காஸ் சோதனை செய்வித்து, அதன் பத்திரத்தை 28 நாளுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுக்கவேண்டும் என்பது 1998 இலிருந்து இருக்கிற சட்டம். நான் கேட்டபோது, "தங்கச்சி, அது நல்லா வேலை செய்யுதுதானே, பிறகென்ன?" என்றார். நீங்கள் போட்ட குறிப்பும் அதையேதான் சொல்கிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு சுட்டது. அந்தப் பொயிலரும் கடைசி நாள் வரை நல்ல சுடுதண்ணீர் தந்தது, ஆசிரியரே.

இப்போது எங்களில் பலர் சொந்த வீடு வாங்கிவிட்டோம். சொந்த வீட்டுக்காரரை ஒவ்வொரு வருடமும் செய் என்று எந்தச் சட்டமும் பிடித்துத் தள்ளாது. அப்படியிருக்க, மிச்சமிருக்கிற ஒரே பழக்கத்தையும் தேவையில்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். சேர்விஸ் என்பது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதும் இல்லை. மூடியைக் கழற்றி, எரியும் பகுதியையும் சீல்களையும் பார்த்து, காஸ் அழுத்தத்தை அளந்து, புகைக்குழாயில் கருவியை வைத்து எவ்வளவு காபன் மொனொக்சைட் வருகிறது என்று எடுக்கவேண்டும். வாடகை வீட்டுக்குக் கொடுக்கிற சோதனைப் பத்திரமும் முழு சேர்விஸும் ஒன்றில்லை, கேட்டுச் செய்விக்கவேண்டும்.

மூடியைத் திறந்து உள்ளே தூசி துடைக்கலாம் என்றும் ஒரு வரி அதே குறிப்பில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பல பொயிலர்களில் அந்த மூடிதான் புகை வீட்டுக்குள் வராமல் காக்கிறது, திறந்தவர் திரும்பச் சரியாக மூடாவிட்டால் அவ்வளவுதான். நாங்களாகச் செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. ஆறியிருக்கும்போது அழுத்தமானி ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்கலாம், ரேடியேட்டரில் காற்று எடுக்கலாம், காற்றுத் துவாரத்தையும் வெளியே புகைக்குழாயையும் மறைக்காமல் வைத்திருக்கலாம். ஈ.என். 50291 என்ற தர இலக்கம் போட்ட ஒரு காபன் மொனொக்சைட் அலாரத்தை வாங்கி வைத்து மாதம் ஒருக்கா அமத்திப் பார்க்கலாம். வாடகை வீட்டில் பொயிலர் இருக்கிற அறைக்கு அந்த அலாரம் கட்டாயம் என்று இங்கிலாந்தில் 2022 ஒக்ரோபர் முதலாம் திகதி சட்டம் வந்ததே, அதைப் பற்றியும் நான் உங்கள் பத்திரிகையில் ஒரு வரி காணவில்லை. 2021 கடைசியில் இலங்கையில் சிலிண்டர்கள் வெடித்தபோது முழுப்பக்கம் போட்டீர்கள். போடத்தான் வேண்டும், என் தங்கச்சி குடும்பம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நாங்கள் படுத்து எழும்புகிற வீட்டில் இருக்கிற பொயிலருக்கு அரைப் பத்தி, அதுவும் பிழையாக.

விளம்பரப் பக்கத்தையும் சொல்லாமல் விட ஏலாது. பிளம்பிங், பெயின்ரிங், பொயிலர் எல்லாம் மலிவு விலையில் என்று தொலைபேசி இலக்கத்தோடு நான்கைந்து பெட்டி. ஒன்றில் கோர்கி பதிவு பெற்றவர் என்று இன்னும் போட்டிருக்கிறது. கோர்கி என்பது காஸ் வேலை செய்பவர்களின் பழைய பதிவேடு, அதன் இடத்துக்கு காஸ் சேஃப் பதிவேடு வந்தது 2009 ஏப்ரலில். இது பற்றி இரண்டு வருடத்துக்கு முன்பே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. எங்கள் பெடியன்கள் தொழில் செய்து முன்னுக்கு வரட்டும், எனக்கு அதில் சந்தோசம்தான். காஸ் சேஃப் அட்டை இருக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எங்கள் வீட்டுக்கு வருகிறவரும் தமிழர்தான். வாசலில் நின்றே அட்டையைக் காட்டுவார், அதன் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். அட்டை கேட்டால் அவமானப்படுத்துவதாக நினைக்கிறவரை வீட்டுக்குள் விடக்கூடாது.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். காஸ் மணந்தாலோ, காபன் மொனொக்சைட் என்று சந்தேகம் வந்தாலோ வெளியே வந்து 0800 111 999 என்ற காஸ் அவசர இலக்கத்துக்கு அழைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பொயிலர் விளம்பரம் என்றால் காஸ் சேஃப் இலக்கம் இல்லாமல் ஏற்காதீர்கள்.

மாமி 2016 இல்தான் ஊரிலிருந்து வந்தவ. இல்ஃபோர்ட் கதையை எத்தனை தரம் சொன்னாலும், "அது பழைய பொயிலர் பிள்ளை" என்பா. உங்கள் குறிப்பை வெட்டி பிறிஜ்ஜில் ஒட்டியிருக்கிறா. நான் கழற்றவில்லை. நீங்கள் திருத்தம் போட்டால் அதை அவவின் கையிலேயே கொடுத்து, அந்த இடத்தில் ஒட்டச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு வாசகி