செண்பகத்துக்கு, தென்காசியிலிருந்து

தென்காசி,
31.5.2025

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. பேத்தி யாழினி இங்கே இருந்தாள். அவள் இருந்தால் உட்கார்ந்து எழுத எங்கே நேரம்? இன்று காலையில்தான் மகன் வந்து மதுரைக்கு அழைத்துப் போனான். ஜூன் 2 பள்ளிக்கூடம் திறக்கிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதுதான் முதல் வேலையாகப் பேனாவை எடுத்துவிட்டேன்.

முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு நிம்மதியானது. அண்ணன் உன்னைக் காலையும் மாலையும் நடக்க வைக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் விட்டுவிடாதே.

லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டிருந்தாய். எங்கேயும் போகவில்லை. கொடைக்கானல் போகலாம் என்று மகன் சொன்னான். போன வருஷம் மே மாதத்திலிருந்து அங்கே வண்டியில் போக இ-பாஸ் வேண்டுமே, அதற்குப் பதிவுகூடச் செய்துவிட்டான். யாழினிதான் வரமாட்டேன் என்று அழுதாள். புறவாசல் வேப்பமரத்தில் காக்கை கூடு கட்டியிருந்தது. அதை விட்டுவிட்டு நகரமாட்டாளாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். சித்திரை விசுவுக்கு அவர்கள் இரண்டு நாள் வந்திருந்தார்கள். கண்ணாடி, பழங்கள், கொன்றைப்பூ எல்லாம் வைத்துக் கனி காண ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மத்தியானம் இவர் யாழினியை மாடிக்கு அழைத்துப்போய், ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வெயிலில் வைத்தார். 12.20 மணி வாக்கில் டம்ளரின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கி, கொஞ்ச நேரம் நிழலே இல்லாமல் நின்றது. நம் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வருகிற நாள் அது. உங்கள் சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் வந்திருக்கும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை, செண்பகம். காலடியில் நிழல் இல்லாமல் நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றைக்கு மாடியிலிருந்துதான் கூட்டையும் பார்த்தோம். குச்சிகளோடு எங்கிருந்தோ பொறுக்கி வந்த கட்டுக்கம்பியும் சேர்த்துப் பின்னியிருந்தது. கிளைகள் மாடிச் சுவரில் உரசுகின்றன, வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன் என்றார் இவர். குஞ்சு பறக்கும்வரை ஒரு இலையைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுபேச்சுப் பேசாமல் ஆளை நிறுத்திவிட்டார்.

பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் யாழினி திரும்பி வந்தாள். அதற்குள் குயில் தன் வேலையை முடித்திருந்தது. கறுப்பு ஆண்குயில் பக்கத்து முருங்கையில் வந்து உட்கார்ந்து கூவும். காக்கைகள் இரண்டும் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்த நேரம் பார்த்து, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பெண்குயில் கூட்டுக்குள் நுழையும். இரண்டு நாள் இதை என் கண்ணால் பார்த்தேன். குயில் முட்டை காக்கை முட்டைக்குச் சில நாள் முந்தியே பொரிந்துவிடும். முதலில் வந்த குஞ்சு எதுவென்று மாடியிலிருந்து எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. யாழினி நோட்டில் தினமும் எழுதி வைத்தாள், காக்கை எத்தனை தடவை இரை கொண்டுவந்தது என்று. ஒருநாள் காலையில் மட்டும் முப்பத்தொரு தடவை.

கத்திரி வெயில் கொடுமையாகத்தான் இருந்தது. மே 4 முதல் மத்தியானங்களில் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. கரண்டும் போய்விட்டால் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிடப்போம். "சூரியன் உச்சிக்கு வந்தது ஏப்ரலில்தானே ஆச்சி, அப்புறம் ஏன் மே மாதம் இப்படிச் சுடுகிறது?" என்று யாழினி கேட்டாள். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடவில்லையா என்றேன். பங்குனியிலிருந்து காய்ந்த மண் அல்லவா? இவர் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, சூரியன் பரணி மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதல் பாதம் வரை போகிற நாட்கள்தான் அக்னி நட்சத்திரம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

ஆனால் அந்த வெயில் இல்லாமல் எது நடந்தது, சொல்? நான்கு நாள் விடியற்காலையில் எழுந்து கூழ் கிண்டி, அம்மாவின் பழைய சேலையை மாடியில் விரித்து வற்றல் பிழிந்தோம். சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிட்டது. மோர்மிளகாயும் போட்டேன். உதிர்ந்த வேப்பம்பூவைக் கூட்டி அள்ளிக் காயவைத்ததில் இரண்டு டப்பா நிறைந்திருக்கிறது. ஒன்று உனக்கு. நுங்கு வண்டி வாரம் இரண்டு தடவை தெருவுக்கு வந்தது. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் கிடைத்த அன்று, சாப்பாட்டுக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம்.

துவைக்கிற கல் மேல் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். காலையில் சின்னான் குருவி, பத்து மணிக்கு மைனா, அப்புறம் தவிட்டுக்குருவிகள். அதுகள் தனியாக வராது. ஏழெட்டாக வந்து, சத்தம் போட்டுக் குளித்து, சட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும். நாம் பாளையங்கோட்டை விடுதியில் எட்டுப் பேரும் ஒரே தொட்டியைச் சுற்றி நின்று குளித்தது எனக்கு ஞாபகம் வந்தது. யாழினியிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அந்தக் குருவிகளில் ஒன்றுக்குச் செண்பகப் பாட்டி என்று பெயர்.

இந்த வருஷம் மழை முந்திவிட்டது. மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை தொடங்கியதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். கத்திரி முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. இங்கே அன்று மாலையே ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டது. அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். முகத்தில் பட்டதும் மலை தெரியும். மறுநாள் ராத்திரி ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்கிற அளவுக்குப் பலமாக வீசியது, கூடவே சாரல். வேப்பமரம் சுழன்று சுழன்று ஆடியது. யாழினி தூங்கவே இல்லை. நானும்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் இருட்டும் தண்ணீரும்தான் தெரிந்தது.

விடிந்ததும் ஓடினோம். கூட்டில் பாதி இல்லை. கீழே மண்ணில் குச்சிகளும் கம்பியும் சிதறிக் கிடந்தன. காக்கைக் குஞ்சு ஒன்று கிணற்றடியில் இறந்து கிடந்தது. யாழினி அதைப் பார்த்து விம்மி அழுதாள். நான் என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் அவளை அணைத்துக்கொண்டு நின்றேன். அப்போது மேலே கீச்சென்று ஒரு சத்தம். கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில், நனைந்து ஒட்டிய இறகோடு இன்னொரு குஞ்சு. உடம்பில் வெண்புள்ளிகள். குயில் குஞ்சேதான்! தாய்க்காக்கை அதன் வாயில் எதையோ ஊட்டிக்கொண்டிருந்தது. தன் குஞ்சைப் பறிகொடுத்த அதே காலையில்.

நாங்கள் செத்த குஞ்சைச் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தோம். யாழினி நோட்டில் அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் எழுதினாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

குயில் குஞ்சு இப்போது மதில் வரை பறக்கிறது. காக்கை இன்னும் பின்னாலேயே போய் ஊட்டுகிறது. இதை எழுதும்போதுகூட மதிலில் அந்தச் சத்தம் கேட்கிறது.

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. டாக்டர் சரி என்றதும் அண்ணனோடு புறப்பட்டு வா. நீ அருவியில் நிற்க வேண்டாம், கீழே இருக்கிற அறையையே உனக்கு ஒழித்துத் தருகிறேன், சாரல் வாசல் வரை வரும். ஆகஸ்ட் கடைசியில் சூரியன் மறுபடி நம் தலைக்கு மேலே வருமாம். மேகம் விலகினால் டம்ளரை வைத்துப் பார்த்து போன் பண்ண வேண்டும் என்று யாழினி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டுப் போயிருக்கிறாள்.

உங்கள் பால்கனியில் புறா முட்டையிட்டதாக எழுதியிருந்தாயே, குஞ்சு பொரிந்ததா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
கோமதி