சுவருக்கு அந்தப் பக்கமும் நடந்து பாருங்க: பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

துணைவேந்தர்களுக்கும், நுண்கலைத் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழுவுல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நடக்கறத ஒரு கலையா சொல்லித்தர்ற வகுப்புகள் இப்ப பல துறைகள்ல வந்துடுச்சு, அதுல எனக்கு உண்மையிலயே சந்தோஷம், ஆனா அத நடத்துற விதத்துல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதப் பத்தி உங்ககிட்ட நேரடியா பேசணும்னுதான் இத எழுதறேன்.

1967-ல லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில படிச்சிட்டிருந்த ரிச்சர்ட் லாங் ஒரு புல்வெளியில நேர்கோட்டுல போறதும் வர்றதுமா நடந்துகிட்டே இருந்தாரு, புல்லு மடங்கி ஒரு கோடு கண்ணுக்குத் தெரியற வரைக்கும். அத ஒரு போட்டோ எடுத்தாரு, அவ்வளவுதான் படைப்பு. வகுப்புல அந்தக் கருப்பு வெள்ளைப் படத்த முதல் தடவை பார்த்தப்ப எனக்கு மனசுல வந்தது ஒத்தையடிப் பாதைதான். ஒத்தையடிப் பாதைய யாரும் பிளான் போட்டு உருவாக்கறது இல்ல, ஒருத்தர் கால் பட்ட இடத்துல இன்னொருத்தர் கால் பட்டுப் பட்டு அது தானா விழுது. லாங் ஒருத்தரா செஞ்சத ஊர்ல எல்லாரும் சேர்ந்து பேர் போடாம செஞ்சுகிட்டே இருக்காங்க.

எங்க வளாகத்துலயும் அப்படி ஒரு பாதை இருந்துச்சு. சுத்துச்சுவர்ல பின்பக்கம் ஒரு சின்ன இடைவெளி, அதுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு, அங்கேர்ந்து வேலைக்குப் போறவங்க ஸ்கூலுக்குப் போற பசங்க எல்லாரும் எங்க மைதானத்த குறுக்கால கடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போவாங்க. பாதுகாப்புனு சொல்லி அந்த இடத்துல ஒரு கேட் போட்டுப் பூட்டிட்டாங்க. நாங்க லாங்கோட கோட்டப் பத்தி அசைன்மென்ட் எழுதிட்டிருந்த அதே செமஸ்டர். மழை பெஞ்சுது, புல்லு வளந்துச்சு, பாதை மூடிப்போச்சு. வகுப்புல ஒருத்தரும் கவனிக்கல, நானும் கவனிக்கல, அது இன்னைக்கும் என்னை உறுத்துது.

எனக்குத் தெரிய வந்ததே எங்க துறைக் கட்டடத்த சுத்தம் பண்ண வர்ற ஒரு அம்மா சொல்லித்தான். அவங்க பேர இங்க சொல்லல. ஒரு நாள் சாயங்காலம் நாங்க நாலு பேர் அவங்க கூடவே வீடு வரைக்கும் நடந்தோம். சுவரச் சுத்திப் போகணும், முன்னாடி அஞ்சு நிமிஷத்துல போன வீட்டுக்கு இப்ப அரை மணி நேரத்துக்கு மேல. வழியில அவங்க நின்ன இடமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. இங்க தெரு லைட் எரியாது அதனால ரெண்டு பேரா சேர்ந்துதான் வருவோம்னாங்க, முட்டி வலிச்சா இந்தக் கல்லுல உட்காருவேன்னாங்க, கார் பார்க்கிங்க காட்டி அது முன்னாடி குளம்னாங்க. எங்க வளாக மேப்ல இதுல ஒண்ணு கூட கிடையாது. நாலு வருஷம் படம் வரையப் படிச்ச நாங்க அந்த இடத்த அவ்வளவு துல்லியமா ஒருநாளும் பார்த்ததில்ல.

அதனாலதான் சொல்றேன், நடைக்கலை வகுப்புன்னா மாணவங்கள பஸ்ல கூட்டிட்டுப் போய் ஒரு தெருவுல விட்டு, போட்டோவும் ஆடியோவும் எடுத்துட்டு வந்து கேலரியில மாட்டறதா இருக்கக்கூடாது. அந்தத் தெருக்காரங்களுக்கு அந்தக் கண்காட்சி நடந்ததே தெரியாம போயிடுது. எடுத்துட்டு வர்றது மட்டும்தான் நடக்குது, திருப்பிக் குடுக்கறது இல்ல.

வேற மாதிரி செஞ்சவங்க இருக்காங்க. ஜெர்மனியில காசல் பல்கலைக்கழகத்துல லூசியஸ் புர்க்ஹார்ட் 1980கள்லயே உலாவறத ஒரு படிப்பாவே வளர்த்தாரு, நாம எந்த வழியா வந்தோமோ அதப் பொறுத்துதான் நாம பார்க்கறது அமையுதுங்கறது அவரோட வாதம், அவர் மாணவர்கள் கார் முன்கண்ணாடிய கையில பிடிச்சுகிட்டு ரோட்டுல நடந்து வண்டி ஓட்டறவங்களுக்கு ஊர் எப்படித் தெரியும்னு காட்டினாங்க. ரோம்ல ஸ்டால்கர்ங்கற கலைஞர் குழு 1995-ல நகரத்தோட ஓரத்துல இருக்கிற கைவிடப்பட்ட நிலங்கள் வழியா நாள்கணக்கா நடந்துச்சு, அதுல ஒருத்தரான பிரான்செஸ்கோ கரேரி அப்புறம் ரோமா ட்ரே பல்கலைக்கழகத்துல கட்டடக்கலை மாணவங்களுக்கு நடையையே வகுப்பாக்கினாரு. கிரீஸ்ல ஃப்ளோரினா நுண்கலைத் துறைக்காரங்க 2007லேர்ந்து ப்ரெஸ்பா ஏரிப்பக்கம் நடக்கறாங்க, மூணு நாட்டு எல்லை சேர்ற இடம் அது, உள்நாட்டுப் போரோட காயம் இருக்கிற இடம். இதுல எனக்கு முக்கியமாப் படறது அவங்க திரும்பத் திரும்பப் போறாங்கங்கறதுதான்.

2002-ல பெரு நாட்டு லிமா நகரத்துக்கு வெளிய பிரான்சிஸ் அலீஸ்ங்கற கலைஞர் 500 பேர் கையில மண்வெட்டி குடுத்து வரிசையா நடக்க வெச்சு ஒரு மணல்மேட்ட சுமார் 10 சென்டிமீட்டர் நகர்த்தினாரு, அதுல நிறைய பேர் பல்கலைக்கழக மாணவங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச படைப்பு அது. ஆனாலும் அந்த மேட்டச் சுத்தி குடிசை போட்டு வாழ்ந்தவங்க அந்த வரிசைக்கு முன்னாடி நின்னு வழிகாட்டியிருந்தா அது எங்க போயிருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

நான் கேக்கறது பெரிய பட்ஜெட் விஷயம் இல்ல. எந்த வழியா போறதுங்கறத அங்க குடியிருக்கறவங்க முடிவு பண்ணட்டும், அவங்கள தகவல் சொல்றவங்கன்னு எழுதாம ஆசிரியர்னு எழுதுங்க, சிறப்பு விரிவுரைக்கு வர்றவங்களுக்கு என்ன சம்பளம் குடுக்கறீங்களோ அதையே குடுங்க, ஏன்னா அவங்களுக்கு அது ஒரு நாள் கூலி போற விஷயம். ஒரே வழியில ஒரு செமஸ்டர் முழுக்க நடக்கணும், வெயில்லயும் மழையிலயும் ராத்திரியிலயும், அப்பதான் அந்த லைட் எரியாத தெரு புரியும். கூட்டத்துல யார் ரொம்ப மெதுவா நடக்கறாங்களோ அவங்க வேகம்தான் எல்லாருக்கும் வேகம், சக்கர நாற்காலியில வர்றவங்களால போக முடியாத வழின்னா அது ஏன் போக முடியலங்கறதே அன்னைக்குப் பாடம். எழுத்துக்கும் நாம நடைன்னுதான் சொல்றோம், ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு உண்டு, கூட வர்றவங்க நடைக்கு ஏத்த மாதிரி நம்ம நடைய மாத்திக்கறதே ஒரு பயிற்சி, மார்க் போடறதா இருந்தா அதுக்குப் போடுங்க. கேமராவ முதல் மாசம் வெளிய எடுக்கவே வேணாம், அப்புறமும் கேட்டுட்டு எடுங்க. உருவாகிற மேப்போ ஒலிப்பதிவோ முதல்ல அந்தத் தெருவுல வெக்கணும், அவங்க வேணாம்னு சொல்ற பகுதிய எடுத்துட்டு அப்புறம்தான் கேலரிக்கு.

பொறுப்பு யார் எடுத்துக்கறது, வருகைப்பதிவு எப்படின்னு கமிட்டியில கேள்வி வரும்னு தெரியும். வெளியூர் கல்விச் சுற்றுலாவுக்கு இதையெல்லாம் நீங்க ஏற்கனவே சமாளிக்கறீங்கதானே, சுவருக்குப் பின்னாடி இருக்கிற தெருவுக்கும் முடியும்.

உங்க வளாகத்துலயும் அந்த மாதிரி பூட்டின கேட் ஒண்ணு எங்கயாவது இருக்கும். பாடத்திட்டம் எழுதறதுக்கு முன்னாடி அது எங்க இருக்குன்னு உங்க துப்புரவுப் பணியாளர்கள்கிட்ட கேளுங்க, அவங்களுக்கு நேரம் இருக்கிற நாள்ல அவங்க கூட அது வரைக்கும் நடந்து போங்க. போறப்ப சாவிய எடுத்துட்டுப் போங்க.

இப்படிக்கு,
நுண்கலை படிச்ச ஒரு பழைய மாணவி