அப்பாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்காத வக்கீலுக்கு ரூ. 24,500

பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.
18-08-2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: உங்கள் ‘முதியோர் சொத்துத் திட்டம்’ சேவையில் குறைபாடு, கட்டிய தொகையைத் திருப்பிக் கேட்பது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் அப்பாவின் உயிலுக்காகக் கடந்த மே 14ஆம் தேதி உங்கள் நிறுவனத்தில் ரூ. 24,500 கட்டினேன். வேலை கெட்டது என்று நான்கு முறை போன் செய்தேன், மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் ‘உங்கள் குறை தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. எதைத் தீர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் தாளில் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு 82 வயது. மூட்டு தேய்ந்துவிட்டது, காது கொஞ்சம் மந்தம். ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை. போன வருஷம் உளுந்து மூட்டை என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வார். அம்மாவுக்கு 75. பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். நான் மூத்தவள், பக்கத்து ஊரிலேயே இருக்கிறேன். தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. இல்லாதபோதே எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் அப்பா நினைத்தார்.

உள்ளூர் வக்கீலிடம் போகாமல் உங்களிடம் வந்ததற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவர் வக்கீல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாலே மறுநாள் டீக்கடையில் பேச்சாகிவிடும். உங்கள் விளம்பரத்தில் ‘25 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ள மூத்த வழக்கறிஞர் உங்கள் வீட்டுக்கே வருவார்’ என்று இருந்தது. அதை நம்பினேன்.

மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரம் திருச்சியிலிருந்து வாடகைக் காரில் உங்கள் வக்கீல் என்று ஓர் இளைஞர் வந்தார். மரியாதையான பையன்தான், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கொடுத்த அட்டையில் பார் கவுன்சில் பதிவு எண் இருந்தது. அந்த எண்ணின் கடைசியில் பதிவு செய்த ஆண்டு இருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு ஒருவர் சொல்லி எடுத்துப் பார்த்தேன்: 2022. மூன்று வருஷத்தை 25 என்று எண்ணும் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

வயது குறைவு என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. அவர் செய்த காரியம்தான் என் புகாரின் மையம். கையில் இருந்த டேப்லெட்டில் படிவத்தைத் திறந்தார். கேள்வி அத்தனையும் என்னிடம் கேட்டார். அப்பா பெயர் என்ன, எத்தனை சர்வே எண், யாருக்கு எவ்வளவு. அப்பா ஈஸி சேரில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உயில் எழுதுவது அவர், சொத்து வாங்கப்போவது நான். வாங்குகிறவளிடம் கேட்டு, கொடுக்கிறவரின் உயிலை எழுதுவதா? நாளைக்கு என் தம்பியோ அவன் பிள்ளைகளோ ‘அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தாள்’ என்று வழக்குப் போட்டால், அதற்கு முதல் சாட்சியே உங்கள் வக்கீல்தான். 25 நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். அம்மா போட்ட காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

படிவத்தில் ‘பயனாளி’ என்ற கட்டத்தில் பிள்ளைகளுக்குத்தான் இடம் இருந்ததாம். அம்மா பெயர் எங்கேயும் இல்லை. தான் போன பிறகு அம்மா கடைசிவரை அந்த ஓட்டு வீட்டில் இருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பிள்ளைகளுக்கு என்பது அப்பாவின் ஒரே பிடிவாதம். அதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தபோது, ‘அதெல்லாம் ரிமார்க்ஸ்ல போட்டுடலாம் சார்’ என்று பதில் வந்தது. வரைவில் அந்த ரிமார்க்ஸும் இல்லை.

வரைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி அப்புறம் தமிழ்ப்படுத்தியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்பா 1978இல் கிரயம் வாங்கியது மூன்று மா நஞ்சை. இங்கே ஒரு மா என்றால் 100 குழி, அதாவது 33 சென்ட். மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். உங்கள் வரைவில் ‘நஞ்சை நிலத்தில் உள்ள மூன்று மாமரங்களை என் மகளுக்கு’ என்று இருக்கிறது. கொல்லைப்புறத்து 20 குழி ‘இருபது பள்ளங்கள்’ ஆகியிருக்கிறது. நான் படித்துக் காட்டியதும் அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “மூணு மாமரத்த வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவே, ஊறுகா போடுவியா?” என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கவனிக்காமல் கையெழுத்தாகியிருந்தால் ஓர் ஏக்கர் நிலம் எந்த உயிலிலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றிருக்கும்.

அடுத்தது இன்னும் மோசம். அப்பா ஆறு மா கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். 1969ஆம் ஆண்டுக் குத்தகைப் பதிவுச் சட்டப்படி உள்ள பதிவேட்டில் அவர் பெயர் குத்தகைதாரர் என்றுதான் இருக்கிறது. குத்தகை ரசீதையும் உங்கள் வக்கீல் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வரைவில் அந்த ஆறு மாவும் ‘எனது சொந்த சுயார்ஜித சொத்து’ என்று வந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில், நிலச் சொந்தக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது குத்தகைதாரரை வெளியேற்ற ஒரு காரணம். இது டெல்டாவில் குத்தகைக்கு உழும் குடும்பங்களுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே பயம். அப்பாவே கையெழுத்துப் போட்டு, ‘கோயில் நிலம் என்னுடையது’ என்று எழுதிக் கொடுப்பதுபோல ஒரு தாளை நீங்கள் தயாரித்திருக்கிறீர்கள். அதற்குத்தான் நான் பணம் கட்டியிருக்கிறேன்.

மிச்சம் இருக்கும் ஐந்து மா பூர்வீகம், இதுவரை பாகம் பிரிக்காதது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு அதில் மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்பதை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஐயமில்லாமல் சொல்லிவிட்டது. அப்பா தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். உங்கள் வரைவில் ஐந்து மாவும் முழுசாகத் தம்பிக்கு. எனக்கு வேண்டுமா வேண்டாமா என்பது எங்கள் வீட்டுப் பேச்சு, அதை நாங்கள் பேசிக்கொள்வோம். ஆனால் இல்லாத அதிகாரத்தை இருப்பதாக எழுதலாமா?

இதெல்லாம் பிழை என்று சொன்னபோது, திருத்துவதற்குப் பதிலாக உங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்து, “உயில் எல்லாம் பழசு மேடம், இன்னும் 11,000 கட்டுங்க, தான செட்டில்மென்ட்டா போட்டுடலாம், பிரச்சனையே வராது” என்றார். உயில் என்றால் அப்பா கண் மூடிய பிறகுதான் செல்லும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், முத்திரைத்தாளும் தேவையில்லை. செட்டில்மென்ட் என்றால் பதிவான அன்றைக்கே சொத்து கை மாறிவிடும். நினைத்தபோது தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. முத்திரைக் கட்டணம் வேறு ஒரு சதவீதம், உச்சபட்சம் ரூ. 40,000. இந்த வித்தியாசத்தில் ஒரு வரிகூட அவர் அப்பாவிடம் சொல்லவில்லை. அனுப்பிய மாதிரிப் பத்திரத்தில் ‘பெற்றோரைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையும் இல்லை. பராமரிக்காத பிள்ளையிடமிருந்து எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி சொல்லும் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவுக்கு உயிரே அந்த வரிதான். அந்த நிபந்தனையோடுதான் சொத்து கை மாறியது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் பக்கத்து நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பால் எழுதிக் கொடுத்தாலே பராமரிப்பு என்ற நிபந்தனை அதற்குள் அடக்கம் என்று இந்த வருஷம் மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. இப்படி இரண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கும்போது, விவரம் தெரிந்த வக்கீல் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போவார். ஒரு வரிக்கு என்ன செலவு?

சாட்சி விஷயம். ‘சாட்சிகளை நாங்களே ஏற்பாடு செய்வோம், அவர்கள் சென்னையிலிருந்து ஆன்லைனில் கையெழுத்திடுவார்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். அச்செடுத்து இணைத்திருக்கிறேன். 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் 63ஆவது பிரிவுப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். மின்கையெழுத்தை அங்கீகரிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலுக்குப் பொருந்தாது என்று அதன் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது.

அப்புறம் அந்த 1978 மூலப்பத்திரம். சரிபார்க்க வேண்டும் என்று அசலை வாங்கிப் போய் 19 நாள் வைத்திருந்தீர்கள். திரும்பக் கூரியரில் வந்தது. கூரியர் பையன் எங்கள் வீடு வரை வராமல் முக்கில் இருக்கும் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் அதன்மேல் வெற்றிலைக் கவுளியை வைத்திருந்தார். அதன் ஈரம் இப்போதும் முதல் பக்கத்து ஓரத்தில் பச்சையாகத் தெரிகிறது. 47 வருஷம் டிரங்குப் பெட்டியில் மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்த பத்திரம்.

கடைசியில் கும்பகோணத்தில் ஒரு வயதான வக்கீலிடம் போனோம். டீக்கடைப் பேச்சு வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் சொன்னது, “நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்கம்மா” என்பதுதான். கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவிடம் 40 நிமிஷம் பேசினார். நடவு எப்போது, பேரப்பிள்ளைகள் பெயர் என்ன, யார் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தாராம். அப்பாவின் நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அதன்பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். சாட்சிக்கு அப்பா தன் சிநேகிதர் பெயரைச் சொன்னபோது, “உங்க வயசுக்காரர் வேண்டாம். நாளைக்கு வழக்குன்னு வந்தா ஒரு சாட்சியாவது கோர்ட்டுல வந்து சொல்லணும், அதுக்கு ஆள் உயிரோட இருக்கணும்” என்றார். அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரையும், நாற்பது வயதுக்காரர் ஒருவரையும் சாட்சி ஆக்கினார். அப்பாவால் படியேற முடியாது என்று காரணம் காட்டி மனுப் போட்டு, பதிவுச் சட்டம் 31ஆவது பிரிவில் பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைத்தார். ‘அப்படியெல்லாம் வர மாட்டார்கள்’ என்று உங்கள் அலுவலகம் என்னிடம் சொன்ன அதே விஷயம். அவர் வாங்கிய கட்டணம் ரூ. 8,000.

‘வழக்கறிஞரின் தொழில்முறைக் கருத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்று ஜூலை 29ஆம் தேதி மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். வக்கீல்மீது நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதை நம்பித்தான் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நான் வக்கீலிடம் பணம் கட்டவில்லை. விளம்பரம் செய்து, ரசீது கொடுத்து, ஜிஎஸ்டி பிடித்த கம்பெனியிடம் கட்டினேன். 25 வருஷ அனுபவம் என்று சொன்னது வக்கீலின் கருத்தல்ல, உங்கள் விளம்பரம்.

நான் கேட்பது இவைதான். கட்டிய ரூ. 24,500ஐயும், அது வந்த அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். அப்பா, அம்மாவின் ஆதார் நகல்களையும் குத்தகை ரசீது, பத்திரங்களின் படங்களையும் உங்கள் கணினியிலிருந்து அழித்துவிட்டு, அழித்தோம் என்று எழுத்தில் கொடுங்கள். கோயில் நிலத்தைச் சொந்தம் என்று எழுதிய அந்த வரைவு இனி யார் கையிலும் போகக் கூடாது. வந்தவரின் அனுபவத்தை எதை வைத்து 25 ஆண்டு என்று போட்டீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணமும் கிடையாது. அதற்காக நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை, நீங்கள்தான் தஞ்சாவூருக்கு வர வேண்டும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போன் செய்யாதீர்கள். அது அப்பா தூங்குகிற நேரம். போன தடவை நீங்கள் அழைத்து, ‘சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை மார்க்’ என்று அவரை எழுப்பிக் கேட்டுவிட்டீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் அச்சுப்படி, உயில் வரைவு (மாமரப் பக்கத்தில் சிவப்பு மையால் குறியிட்டிருக்கிறேன்), மின்னஞ்சல்கள், மூலப்பத்திரத்தின் முதல் பக்கப் படம்.